கால்நடை மருத்துவர் தவறு செய்தால்: தென்னாப்பிரிக்காவில் நாய், பூனை வளர்ப்போருக்குச் சட்டம் தருவது என்ன?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நாய் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உண்ணி கடித்துப் பிலியரி காய்ச்சல் வந்து, சிகிச்சைக்கு மறுநாளே நாய் இறந்துபோனால், "அந்த டாக்டரைச் சும்மா விடுவதா?" என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழும். சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. மருத்துவரைத் தண்டிப்பது ஒரு இடம். உங்கள் பணத்தை மீட்டுத் தருவது வேறு இடம். ஒன்றிடம் போய் மற்றதைக் கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

முதலில் எது கவனக்குறைவு என்பது தெளிவாக வேண்டும். பிராணி இறந்தது மட்டுமே தவறுக்குச் சான்றாகாது. 1914இல் மிட்செல் எதிர் டிக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவரிடம் உலகிலேயே சிறந்த திறமையை எதிர்பார்க்க முடியாது, நியாயமான திறமையும் கவனமும் இருந்தாக வேண்டும் என்றது. அது மனித மருத்துவர் பற்றிய வழக்கு. கால்நடை மருத்துவருக்கும் அளவுகோல் அதுவே. முற்றிய பிலியரியில் சரியான மருந்து கொடுத்தும் நாய் பிழைக்காமல் போகலாம். ஆனால் உடல் கொதித்து, ஈறு வெளுத்து வந்த நாயின் இரத்தத்தைச் சோதிக்காமலே "வெயில் சூடு" என்று அனுப்பிவைத்திருந்தால், அங்கே கேள்வி கேட்க இடமிருக்கிறது.

அதை நிரூபிக்கச் சான்று வேண்டும். பெரும்பாலும் வழக்கு சறுக்குவது இந்த இடத்தில்தான். துக்கத்தில் அன்று மாலையே தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். சாவுக்கான காரணமும் கூடவே மண்ணுக்குள் போய்விடுகிறது. சந்தேகம் இருந்தால் அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் உடனே பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை உடல் குளிர்ச்சியில் இருக்கட்டும், உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். சிகிச்சைக் குறிப்பு, சோதனை முடிவு, எக்ஸ்ரே, பில் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டம் துணைக்கு வரும். உங்கள் உரிமையைக் காக்க ஓர் ஆவணம் தேவை என்றால் தனியார் நிறுவனமும் அதைத் தரக் கடமைப்பட்டது. பதில் சொல்ல அதற்கு 30 நாள்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டம் தருவது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒன்டர்ஸ்டெபூர்ட் வளாகம் ஒன்றுதான். இங்கே படித்த மருத்துவர்களில் பெரும்பாலோர் ஒரே கல்லூரியின் பிள்ளைகள். ஒருவருக்கு எதிராக இன்னொருவர் வாய் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை. வேறு நகரத்து மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நல்லது.

தண்டிக்கும் இடம் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றம். 1982ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டப்படி, பதிவு பெற்றவரே தொழில் செய்யலாம். புகாரைப் பிரமாணப் பத்திரமாக எழுதி அனுப்ப வேண்டும். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் கட்டணமின்றிச் சத்தியம் செய்து முத்திரை வாங்கலாம். தேதி, மருந்து, சொன்ன சொல், நடந்தது ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள், வசை வேண்டாம். குற்றம் நிரூபணமானால் கண்டனம், அபராதம், தற்காலிகத் தடை, பதிவு நீக்கம் வரை போகலாம். உங்களுக்கு ஒரு சென்ட் கூட அங்கே கிடைக்காது.

பணத்துக்கு நீதிமன்றம்தான். 20,000 ராண்ட் வரை என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். 2019 ஏப்ரல் முதல் வரம்பு இதுவே. வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். முதலில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும். நட்டம் சற்று அதிகம் என்றால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து இங்கேயே வரலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். 2,00,000 ராண்ட் வரை மாவட்ட மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம். அங்கே வக்கீல் செலவு நாயின் விலையை விழுங்கிவிடும்.

விலை என்று சொன்னேன், மனம் கசக்கத்தான் செய்யும். சட்டத்தின் கண்ணில் நாய் உங்கள் உடைமை. மருத்துவருக்குக் கொடுத்த பணம், தவறைச் சரிசெய்ய ஆன செலவு, பிராணியின் சந்தை விலை ஆகியவற்றைக் கேட்கலாம். வெறும் துயரத்துக்கு ஈடு இல்லை. பத்து வருடம் வாசலில் படுத்துக் காவல் காத்த கலப்பின நாய்க்குச் சந்தையில் என்ன விலை இருக்கும்? ஆகவே சிகிச்சைச் செலவுப் பில்களே உங்கள் கோரிக்கையின் முதுகெலும்பு.

"ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே" என்று மடக்குவார்கள். அறுவைச் சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் இயல்பான ஆபத்தை ஏற்றதாகத்தான் அந்தக் கையெழுத்துக்குப் பொருள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அப்பட்டமான கவனக்குறைவுக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வாங்க முடியாது. பொறுப்பைக் குறைக்கும் மற்ற வரிகளும் எளிய மொழியில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

பணம் கேட்டு வழக்குப் போடக் காலக்கெடு, நடந்ததும் அதற்குக் காரணமானவரும் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். மன்றத்தில் கொடுத்த புகாரோ, நீங்கள் அனுப்பிய கோரிக்கைக் கடிதமோ இந்தக் கணக்கை நிறுத்தாது. நீதிமன்ற அழைப்பாணை மருத்துவரின் கைக்குப் போனால்தான் நிற்கும். ஆகவே மன்றத்தின் முடிவுக்குக் காத்திருக்காமல் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கிவிடுங்கள்.