அனுப்பிய ஆப் அங்கே என்ன ஆகிறது?

ஆப் எழுதிப் பிழைக்கும் பெங்களூர்த் தமிழர் யாரிடமாவது ‘வெயிட்டிங் ஃபார் ரிவ்யூ’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எழுதி, சோதித்து, ஆப்பிளின் ஆப் ஸ்டோருக்கு ஏற்றியாகிவிட்டது. அவர்கள் பரிசோதித்து (அதுதான் ரிவ்யூ) அனுமதித்தால்தான் ஆப் வெளியே வரும். இனி அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பதுதான் வேலை. அங்கே யாரோ நம் ஆப்பை வரிவரியாகத் துருவிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. உண்மையில், காத்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் அதை யாரும் தொடுவதே இல்லை.

ஆப்பிள் சொல்லும் கணக்கு இது: 500க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், வாரத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கள். தோராயமாக வகுத்தால் ஆளுக்கு வாரம் 200. வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆப்புக்குக் கிடைப்பது 12 நிமிடம். சராசரியாக 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுகிறோம் என்றும் ஆப்பிள் சொல்கிறது. சரி, 12 நிமிட வேலைக்கு எதற்கு மணிக்கணக்கில் காத்திருப்பு?

இதற்கான கணிதம் கம்ப்யூட்டருக்கும் முந்தையது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த ஏ. கே. எர்லாங், அழைப்புகள் வந்து சேரும் விதத்தைப் பற்றி 1909இல் எழுதினார். அதிலிருந்து கிளைத்ததுதான் வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம்: ஆய்வாளர் ஒருவர், நேரங்காலமில்லாமல் வந்து விழும் ஆப்கள், ஒன்றுக்குக் கூடியும் ஒன்றுக்குக் குறைந்தும் சராசரியாக அதே 12 நிமிட வேலை. அவருடைய நேரத்தில் 80 சதவீதம் வேலையில் போனால், ஒரு ஆப் உள்ளே போய் முடிந்து வெளியே வரச் சராசரியாக 60 நிமிடம் ஆகும். 90 சதவீதம் என்றால் 120 நிமிடம். 95 என்றால் 240. 99ஐத் தொட்டால் 20 மணி நேரம்! வேலைப்பளு கூடியது கொஞ்சம்தான், வரிசை எங்கேயோ போய்விடுகிறது.

ஏன் என்பது பெங்களூரில் தர்ஷினி என்னும் நின்று சாப்பிடும் ஹோட்டலில் தோசை டோக்கனை நீட்டிவிட்டு நிற்கும்போது புரியும். மதியம் மூன்றரைக்குக் கல் சும்மா காய்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தைச் சேர்த்துவைத்து இரவு எட்டு மணிக் கூட்டத்துக்குச் செலவழிக்க முடியாது. சும்மா போன நேரம் போனதுதான், கூட்டம் மட்டும் தேங்கும். பல ஆய்வாளர்கள் ஒரே வரிசையைப் பங்கிட்டுக்கொண்டால் இந்த எண்கள் நன்றாகவே குறையும். ஆனால் எல்லாரும் முழுநேரமும் வேலையில் இருக்கும் நிலையை நெருங்க நெருங்க வரிசை எகிறும் குணம் போகாது.

மனிதக் கண் படுவதற்கு முன்னால் இயந்திரம் பார்க்கிறது. முதலில் டிஜிட்டல் கையொப்பம். ஆப்பின் கோப்புகளிலிருந்து ஹேஷ் என்னும் ஒரு நீண்ட எண் கணக்கிடப்படும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும், ஆகவே நடுவில் யாரும் கைவைத்தால் அகப்பட்டுக்கொள்வார்கள். அடுத்து, போனின் மென்பொருளுக்குள் வெளியாருக்குத் திறந்துவிடாத வசதி (ஏபிஐ) எதையாவது ஆப் கூப்பிடுகிறதா என்ற அலசல். கூகுள் 2012இல் ‘பவுன்சர்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. தன் சர்வரில் ஒரு போலி ஆண்ட்ராய்டு போனை உருவாக்கி, அதற்குள் ஆப்பை ஓடவிட்டு வேவு பார்க்கும் முறை அது. அதே ஆண்டு ஜான் ஓபர்ஹைட், சார்லி மில்லர் என்ற கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் இருவரும், தான் இருப்பது போலி போனுக்குள் என்பதை ஆப்பே கண்டுகொள்ள முடியும் என்று காட்டிவிட்டார்கள். கண்டுகொண்டால், பரிசோதனை முடியும்வரை சாதுவாக இருந்தால் போதும்.

இன்னும் கெட்டிக்கார இயந்திரம் வந்தால் தீருமா? தீராது. எந்த நிரலை (புரோகிராமை) கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாதா என்று சொல்லக்கூடிய பொதுவழி கிடையாது என்று கணித மேதை ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். ஹென்றி ரைஸ் 1953இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: ‘இது கெடுதல் செய்யுமா’ போன்று நிரலின் நடத்தை பற்றிய எந்தச் சுவாரசியமான கேள்விக்கும், எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி தவறாமல் விடை சொல்லும் நிரலை எழுத முடியாது. ஆக, எந்தச் சோதனையும் சிலதைக் கோட்டைவிடும், அல்லது நல்லதையும் பிடித்துவைக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ‘ஜெகில்’ என்ற ஆப்பை எழுதினார்கள். தீய வேலையைத் துண்டு துண்டாக்கி உள்ளே பரப்பிவைத்து, பிறகு வெளியிலிருந்து வரும் கட்டளையால் அவற்றைக் கோத்து ஓட வைத்தார்கள். ஆப்பிளின் பரிசோதனையில் அது தேறிவிட்டது.

அதனால்தான் கடைசியில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அவர் பார்ப்பது பெரும்பாலும் சாதாரண விஷயங்கள்: திறந்ததும் படுத்துவிடுகிறதா, கேட்கும் அனுமதிகளுக்குக் காரணம் சொல்கிறதா, கணக்கைத் திறக்க விடும் ஆப் கணக்கை அழிக்கவும் வழி வைத்திருக்கிறதா. நம்மூர் ஆப்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஓடிபி. ஓசூரில் ரோஜா போடும் குடும்பத்துப் பையன் ஒருவன், பெங்களூர் கே.ஆர். மார்க்கெட் பூ விலையைக் காட்டும் ஆப் செய்து அனுப்பினான். உள்ளே நுழைய இந்திய மொபைல் எண் வேண்டும், ஓடிபி வேண்டும். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர் +91 எண்ணுக்கு எங்கே போவார்? “உள்ளே போகவே முடியவில்லை” என்று திரும்பி வந்தது. ஒரு டெமோ எண்ணும் மாறாத ஓடிபியும் சேர்த்து மறுபடி அனுப்பினான், தேறியது. வருத்தம் என்னவென்றால், அந்த டெமோ விவரத்தை எழுதத் தனிக் கட்டமே இருக்கிறது. அவசரத்தில் பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் திறப்பவர்களுக்கு வேறொரு வாசல்படி. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். “மச்சி, என் ஆப்புக்கு டெஸ்டர் ஆகுறியா?” என்று பிஜி விடுதி நண்பர்களிடம் கெஞ்ச வேண்டியதுதான்.

அனுமதி கிடைத்ததும் ஆப்பிள் தன் கையொப்பத்தைப் போட்டு ஆப்பை வெளியே விடுகிறது. பூ விலை ஆப்பைப் பொறுத்தவரை, நாளைக் காலை அது காட்டப்போகும் மல்லி விலை எந்த ரிவ்யூவுக்கும் போகாது. விலை சர்வரிலிருந்து வரும் தரவு, அதை மணிக்கு மணி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆப்பின் வேலையையே மாற்றும் புது நிரலை அதே வழியில் இறக்கினால் விதிமீறல். அதற்குப் புதிய பதிப்பாக அனுப்பி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.