வன் தன் மையம்: மானியம் வந்தால் எந்த இயந்திரம் வாங்குவது?

வன் தன் திட்டம் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "ஆளுக்கு எவ்வளவு கையில் தருவாங்க?" என்றுதான். கையில் எதுவும் வராது. காட்டில் எடுத்த புளியையோ தேனையோ சீயக்காயையோ அப்படியே மூட்டை கட்டி வியாபாரியிடம் போடாமல், சுத்தம் செய்து, தரம் பிரித்து, பொட்டலம் போட்டு விற்பதற்கான கூடம், கருவி, பயிற்சி ஆகியவற்றுக்கு மத்திய அரசு தரும் மானியம் இது. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டிரைஃபெட் நிறுவனம் இதை நடத்துகிறது. முதல் மையம் 2018 ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரின் பீஜப்பூரில் தொடங்கப்பட்டது.

சுமார் 20 பேர் சேர்ந்து ஒரு சுய உதவிக் குழு. அப்படி 15 குழுக்கள், அதாவது 300 பேர் சேர்ந்தால் ஒரு மையம். மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பெரிய தொகைபோலத் தெரிகிறது. தலைக்குக் கணக்குப் போட்டால் 5,000 ரூபாய்தான். அதனால்தான் எதில் செலவு செய்வது என்பதில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் உரிமை விஷயம். சிறு வனப் பொருட்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே கொடுத்துவிட்டது. மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மூலிகை எல்லாம் இதில் அடக்கம். ஆனால் 2008-இல் வந்த விதிகள், காட்டுக்குள் பொருளைத் தலைச்சுமையாக, சைக்கிளில், கைவண்டியில் கொண்டுபோகலாம் என்று எழுதிவைத்தன. உரிமையைக் கொடுத்துவிட்டு, ஏற்றிப் போக சைக்கிளைக் காட்டிய கதைதான் அது. 2012-இல் விதிகளைத் திருத்தினார்கள். பதப்படுத்துவது, சேமிப்பது, மதிப்பைக் கூட்டுவது, பொருத்தமான வாகனத்தில் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்பது எல்லாமே இப்போது உங்கள் உரிமைக்குள் வருகின்றன. போக்குவரத்துச் சீட்டைக் கிராம சபையின் குழுவோ, கிராம சபை அனுமதித்த ஆளோ கொடுக்கலாம். சேகரிப்புக்குக் கட்டணமோ ராயல்டியோ கிடையாது.

சரி, விலைக்கு வருவோம். நெல்லுக்கு இருப்பதுபோலவே சிறு வனப் பொருட்களுக்கும் 2013-14 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை உண்டு. தொடக்கத்தில் சில மாநிலங்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. 2020 மே மாதம் திருத்திய பட்டியலில் காட்டுத் தேன் கிலோ 225 ரூபாய், காய்ந்த சீயக்காய் 50 ரூபாய். கொட்டையோடு இருக்கும் புளிக்கு 36 ரூபாய், கொட்டை எடுத்த புளிக்கு 63 ரூபாய்.

இந்த 36-ஐயும் 63-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவுடன், "கொட்டை எடுக்கும் இயந்திரம் வாங்கினால் போதும், வருமானம் முக்கால் பங்கு கூடிவிடும்" என்று தோன்றும். பயிற்சி வகுப்புகளில் சொல்வதற்கும் வசதியான கணக்கு. ஆனால் எடை குறைவதை யாரும் சொல்வதில்லை.

100 கிலோ கொட்டைப் புளியை அப்படியே கொடுத்தால் 3,600 ரூபாய். கொட்டையும் நாரும் போக 60 கிலோ சதை தேறினால், 63 ரூபாய் வீதம் 3,780. நார் இழுத்து, கொட்டையைப் பிதுக்கி எடுத்த அத்தனை வேலைக்கும் மிஞ்சுவது 180 ரூபாய். 55 கிலோதான் தேறியது என்றால் 3,465; கையிலிருந்து 135 ரூபாய் போகிறது. 57 கிலோவுக்குச் சற்று மேலே தேறினால்தான் லாபம் என்ற பேச்சே. இயந்திரம் இந்தக் கணக்கை மாற்றாது, வேகத்தை மட்டும்தான் கூட்டும். கூலிச் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சரியாகக் காயாத புளியைப் போட்டால் இயந்திரம் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். கொட்டை உடைந்து துணுக்குகள் சதையில் கலந்தால் தரமும் இறங்கிவிடும்.

லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஒதுக்கித் தள்ளும் கொட்டை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போடவும் சணல் ஆலைகளுக்கும் போகிறது. கொட்டையை வாங்கும் ஆளை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் இயந்திரத்துக்கு விலை கேளுங்கள். இரண்டாவது, சின்னப் பொட்டலமாகக் கட்டி நேராகக் கடைக்குப் போடுவது. ஆதரவு விலை என்பது சந்தை விழும்போது தாங்கிப் பிடிக்கத்தான், நல்ல பொட்டலப் புளிக்கு அதுவே உச்ச விலை அல்ல.

தேன் எடுக்கும் ஊர்களுக்கு இதைவிட மலிவான வழி இருக்கிறது. அடையைக் கையால் பிழியாமல் வடிய விட்டு, நல்ல வடிகட்டியில் வடித்து, நீர்ச்சத்து அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டாலே தேன் புளித்துத் திரும்பி வருவது குறையும்.

இன்னொன்று, மானியம் முழுவதையும் இரும்பில் போட்டுவிடாதீர்கள். வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மையம் அன்றைக்கே காசு கொடுத்து வாங்காவிட்டால் புளி அவரிடம்தான் போகும், இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடக்கும். சரக்கு வாங்கி, விற்று, மறுபடி வாங்குவதற்கான சுழல் நிதி என்று ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பது அவசியம்.

ஆதரவு விலைத் திட்டமும் வன் தன் திட்டமும் 2021-22 முதல் பிரதமரின் பழங்குடியினர் மேம்பாட்டு இயக்கம் என்ற ஒரே பெயரில் இணைக்கப்பட்டன. தமிழ்நாட்டின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாருக்கு மிகவும் நலிந்த பழங்குடிகளுக்காக 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தின் கீழும் இதே மையம் கேட்க வழி இருக்கிறது.

விண்ணப்பத்தைத் தனி ஆளாகக் கொடுக்க முடியாது. குழுவாகச் சேர்ந்து, பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் மூலமாகவோ மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ கொடுக்க வேண்டும். மாநில அரசு வழியாக அது டிரைஃபெட்டுக்குப் போகும். உங்கள் ஊரில் லேம்ப் சொசைட்டி (பழங்குடியினருக்கான பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம்) இருந்தால் அதன் செயலாளரிடம் முதலில் பேசிவிடுங்கள். புளி சீசன் மாசியிலேயே சூடு பிடித்துவிடும். அதற்கு முன் தை மாதத்திலேயே உங்கள் மரத்துப் புளியில் பத்து கிலோவைக் காயவைத்து, கொட்டை எடுத்து, சதை எவ்வளவு தேறுகிறது என்று தராசில் நிறுத்துப் பாருங்கள். எந்த இயந்திரம் வாங்குவது என்ற கூட்டத்துக்கு அந்த எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.