பழைய வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கு முன்

போன வருடம் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். சின்னக் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. மிளகு விற்ற காசை முன்பணமாகக் கட்டிப் புதுக் கார் எடுத்திருந்தார். புதுக் காரில் குறையே இல்லை. அதற்காகக் கொடுத்த பழைய வண்டிதான் பிரச்சினை.

ஷோரூமிலிருந்து ஒரு பையன் தோட்டத்துக்கே வந்து பழைய வண்டியைப் பார்த்திருக்கிறான். நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, "2,85,000 தாராளமா போகும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கணக்கை வைத்துத்தான் வங்கியில் எவ்வளவு கடன் என்று முடிவு செய்தார்கள். டெலிவரி அன்று குடும்பமே பழைய வண்டியில் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்தது. புது வண்டிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பேத்தி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். அப்போது வேறொருவர் வந்து பழைய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் திறந்து மூடினார். "மலையில ஓடுன வண்டிம்மா, கிளட்ச் முடிஞ்சிருச்சு. 2,10,000-க்கு மேல சிஸ்டம் ஏத்துக்காது" என்றார்.

ராகு காலம் தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. அந்த அம்மா அங்கே இங்கே போன் போட்டு 75,000 ரூபாய் புரட்டிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தார். "என்னங்க பண்றது வக்கீலம்மா, எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறாங்க" என்றார் என்னிடம்.

சேலத்தில் நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறவள் நான். இங்கே சொல்பவற்றில் ஆட்களின் அடையாளத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். கார் வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் புதுக் காரின் விலையைப் பற்றித்தான் புகார் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் காகிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தால், பணம் போன இடம் பழைய காராக இருக்கும். புதுக் காருக்குக் கம்பெனி விலைப் பட்டியல் இருக்கிறது, பில் இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது. பழைய காருக்கு ஒருவர் வாயால் சொன்ன ஒரு தொகை மட்டும்தான் இருக்கிறது. புது வண்டியில் 40,000 தள்ளுபடி கொடுத்துவிட்டு, பழைய வண்டியில் 60,000 குறைத்தால் வாங்குபவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து "நீங்க கையில கட்ட வேண்டியது இவ்வளவுதான் சார்" என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அந்த ஒரே தொகைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். புது வண்டிக்குத் தனி விலை, பழைய வண்டிக்குத் தனி விலை, பழைய வண்டியைக் கொடுப்பதற்காகத் தரும் கூடுதல் தொகையான எக்ஸ்சேஞ்ச் போனஸுக்குத் தனித் தொகை என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பழைய வண்டியை நாலு ரோட்டிலோ ஐந்து ரோட்டிலோ வேறு இரண்டு பேரிடம் காட்டி விலை கேட்டுவிட்டு ஷோரூமுக்குப் போவது நல்லது. அரை நாள் வேலைதான்.

எக்ஸ்சேஞ்ச் போனஸில் இன்னொரு சிக்கல் உண்டு. அது பெரும்பாலும் கார் கம்பெனி கொடுக்கும் பணம். பழைய வண்டியின் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, வேறு பெயருக்கு மாறிய ஆதாரம் போனால்தான் கம்பெனி கொடுக்கும். பழைய வண்டி அப்பா பெயரில், புது வண்டி மருமகன் பெயரில் என்றால் சில திட்டங்களில் கிடைக்காது. இதை புக்கிங் அன்றைக்கு யாரும் சொல்வதில்லை. டெலிவரிக்கு முதல் நாள் சொல்வார்கள்.

இனி விளம்பர விலை. சேலத்துக்கே உரிய ஒரு வழக்கு ஆடி மாதத்தில் வரும். கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊரெங்கும் ஆடி ஆஃபர் பேனர். அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர் அப்படி ஒரு பேனரைப் பார்த்து ஜூலை கடைசி வாரத்தில் புக் செய்தார். ஆடியில் வண்டி எடுக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆவணி முதல் முகூர்த்தத்துல எடுத்துக்கறேங்க" என்றார். "தாராளமா எடுங்கண்ணா" என்றார்கள். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். கம்பெனித் தள்ளுபடிகளோ இங்கிலீஷ் மாதக் கணக்கில் ஓடுபவை. ஜூலை 31-ஓடு அந்தத் தள்ளுபடி முடிந்துவிட்டது. டெலிவரி எடுக்கப் போனபோது 35,000 கூடுதலாகக் கேட்டார்கள். புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், டெலிவரி நாளன்று நடப்பில் உள்ள விலையே பொருந்தும் என்று இருந்தது. அவர் கையெழுத்தும் இருந்தது.

அந்த வரி எல்லா ஷோரூம் படிவத்திலும் இருக்கும். அதை அடிக்கச் சொன்னால் அடிக்க மாட்டார்கள். ஆனால் முன்பக்கத்தில் "இந்தத் தள்ளுபடி டெலிவரி வரை மாறாது, டெலிவரி தேதி இன்னது" என்று கையால் ஒரு வரி எழுதி மேனேஜர் கையெழுத்தும் சீலும் வாங்கினால், அச்சடித்த வரியைவிட அந்தக் கையெழுத்து வரிக்குத்தான் நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பு அதிகம் கிடைக்கும். எழுதித் தர மறுத்தால் ஆவணி வரை அந்த விலை நிற்காது என்று அர்த்தம். அப்போது அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

படிவத்தின் அதே நிபந்தனை மக்களுக்குச் சாதகமாகத் திரும்பிய காலமும் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியுமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. டெலிவரி நாள் விலைதான் விலை என்றால் குறைந்த விலையும் அப்படித்தானே! ஆகஸ்டில் புக் செய்து அதற்குப் பிறகு வண்டி எடுத்தவர்கள் அந்தக் குறைப்பைக் கேட்க முழு உரிமை உள்ளவர்கள். இப்படி வரி மாறும் நேரத்தில் பில்லில் போட்ட தேதியை முதலில் பாருங்கள்.

பேனரைப் பற்றி ஒரு சட்ட விஷயம் பலருக்குத் தெரியாது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. விளம்பரத்தின் முக்கியச் செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கிறது அது. ஓமலூர் மெயின் ரோட்டில் போகும்போது பாருங்கள்: "1,00,000 வரை சலுகை" என்று தமிழில் ஆளுயர எழுத்து, அடியில் எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷில் நிபந்தனை. சொன்ன விலைக்கு விற்கும் வாய்ப்பே இல்லாமல் ஆளை உள்ளே இழுக்க மட்டும் விளம்பரம் செய்வதற்கும் அதில் தடை உண்டு. ஸ்டாக் கொஞ்சம்தான் என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். பேனரை போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் மாறினால் பேனரைக் கழற்றிவிடுவார்கள்.

ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் நடுவில் இருப்பதை வரிவரியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. அதனால் 10 லட்சத்தைத் தாண்டும் மாடலில் சில ஆயிரம் விலை வித்தியாசம் வரியில் அரை லட்சமாக ஏறும். இது அரசு வாங்குவது, ஷோரூம் மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் "ஹேண்ட்லிங்", "பேசிக் கிட்" என்று இருப்பவை அரசுக்குப் போவதில்லை. எதற்கு என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்சூரன்ஸை அவர்களிடமேதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காகப் பழைய வண்டியில் நீங்கள் சேர்த்து வைத்த தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதல்ல. பழைய வண்டியைக் கொடுத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியில் சான்று வாங்கிப் புது பாலிசியில் சேர்த்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும்.

மறுபடி பழைய வண்டிக்கு வருகிறேன். என் மனதை அதிகம் உறுத்துவது அதுதான்.

ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வண்டியை வேறு பெயருக்கு மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தேதி, வாங்குபவர் பெயர் எல்லாம் காலி. ஒருநாள் இரவு 11 மணிக்கு அவர் போனில் ஒரு மெசேஜ்: வைகுந்தம் சுங்கச்சாவடியில் உங்கள் ஃபாஸ்டாக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்டது. யார்டில் நிற்பதாகச் சொன்ன வண்டி ராத்திரியில் ஈரோடு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷோரூமில் கேட்டால், "அது புரோக்கருக்குக் கொடுத்தாச்சு சார், அவர் மாத்திக்குவார்" என்றார்கள். அந்தப் புரோக்கர் யார், அவர் யாருக்கு விற்றார், ஓட்டியது யார் என்று ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் வேக அபராதச் சலானும் அவர் பேரிலேயே வந்தது.

அபராதத்தோடு போனது அவர் அதிர்ஷ்டம். விபத்து நடந்திருந்தால் நிலைமை வேறு. விற்றுவிட்டாலும் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் முடிந்துபோன வண்டி என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் லட்சங்கள் வீடு தேடி வரும். ஆகவே கையெழுத்துப் போட்ட காலிப் படிவங்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, மணி, கிலோமீட்டர் போட்டு ஷோரூம் சீலுடன் ரசீது வாங்குங்கள். அன்றைக்கே ஃபாஸ்டாக்கை முடக்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்ததை அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால், அதன்பின் நடப்பதற்கு அவர்தான் உரிமையாளர் என்ற பொறுப்பில் இருப்பார். "உங்ககிட்ட அந்த அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தகராறு என்று ஆகிவிட்டால் முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கியவற்றை மாவட்டத்திலேயே விசாரிக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். கார் கோவையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் சேலத்தில் குடியிருந்தால் சேலத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ம் வருடச் சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், இதை வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன். கார் கம்பெனியையும் சேர்த்து வழக்குப் போட எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். டீலர் தானாகச் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகிவிடாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்துச் சேருங்கள். வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள்.

நாகலூர் அம்மாவைக் காப்பாற்றியது அந்த வாட்ஸப்தான். தோட்டத்துக்கு வந்த பையன் அன்று சாயங்காலம், வண்டியின் போட்டோக்களோடு "2.85 கன்ஃபார்ம் அம்மா" என்று அனுப்பியிருந்தான். மகன் அதை அழிக்காமல் வைத்திருந்தார். நோட்டீஸ் போனதும் அது வெறும் உத்தேச மதிப்பு என்று பதில் வந்தது. கிளட்ச் பழுதுக்கு ஏதாவது ஆய்வறிக்கை உண்டா, அதே வண்டியை நீங்கள் எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஆணையத்தில் மனு பதிவாகும் முன்பே பேச வந்து 60,000 ரூபாய் கொடுத்தார்கள்.

காசோலையோடு இன்னொன்றும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்: பழைய வண்டி வேறு பெயருக்கு மாறிய ஆர்.சி. நகல். அதற்கு மேலும் 12 நாள் ஆனது. வாங்க வந்த அன்று அந்த அம்மா, "காசுதான் வந்திருச்சுங்களே, இந்தப் பேப்பரு எதுக்குங்க?" என்று கேட்டார். உட்கார வைத்து, ராத்திரி 11 மணிக்கு ஆத்தூர் ஆசிரியருக்கு வந்த மெசேஜைப் பற்றிச் சொன்னேன். நகலை நாலாக மடித்து வங்கிப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.