டிரை: ரக்பியில் ஓர் ‘ஊன்றல்’

ரக்பியில் பந்தைக் கொண்டுபோய் எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் டிரை. கோட்டின் மேலேயே வைத்தாலும் செல்லும். ஒரு டிரைக்கு 5 புள்ளிகள்.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்ற பிறகு, தருமபுரிப் பக்கம் கபடி ஆடும் பையன்களும் இந்த ஆட்டத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களைத் தடுக்கிவிடுவது இந்தச் சொல்தான். “டிரை பண்ணினான்” என்றால் நம் பேச்சில் முயன்று பார்த்தான், அவ்வளவுதான். இங்கேயோ அவன் புள்ளியே எடுத்துவிட்டான்.

குழப்பத்துக்குக் காரணம் பழைய விதி. இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரின் பள்ளியில் 1845-இல் மாணவர்களே இந்த ஆட்டத்தின் விதிகளை எழுதிவைத்தார்கள். ஊர்ப் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளி எதுவும் இல்லை. கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்தை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அந்த உதைக்கான முயற்சிதான் டிரை. பிறகு தரையில் வைப்பதற்கே மதிப்பு ஏறியது: 1893-இல் 3 புள்ளி, 1971-இல் 4, 1992-இல் 5. பழைய உதை இன்று 2 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கதை தலைகீழ்: ‘டச்டவுன்’ என்பார்கள், பந்து தரையைத் தொட வேண்டிய அவசியமே கிடையாது.

அந்த அமெரிக்காவில் போய் ரக்பி கற்றுக்கொடுத்தவர் வைசாலே செரெவி. தென்னிந்தியர்கள் 1903 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன பிஜித் தீவுகள்தான் அவருக்குச் சொந்த நாடு. அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘ஏழுபேர் ரக்பி’யில் அவரைப் போல் இன்னொருவர் இல்லை என்பது என் கணிப்பு. 1997, 2005 இரண்டு முறையும் ஹாங்காங்கில் உலகக் கோப்பை வென்ற பிஜி அணியில் ஆடினார். அப்புறம் சியாட்டில் நகரில் தம் பெயரிலேயே பயிற்சி நிறுவனம் தொடங்கி, ரக்பி பந்தையே பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். புது மண்ணில் ஆட்டம் காலூன்ற வேண்டுமானால் சொல்லிக்கொடுப்பவரின் பேச்சு பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். நமக்கும் அதே தேவைதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘முயற்சி’ பொருந்தாது, பழைய விதியோடு அதன் வேலை முடிந்துவிட்டது. ‘தொடுகை’ கபடிக்காரர்களுக்கு ஆளைத் தொடுவதாகப் படும். நான் முன்வைப்பது ‘ஊன்றல்’. பென்னாகரம், அரூர் மானாவாரிக் காடுகளில் அவரை விதையை விரலால் மண்ணில் அழுத்தி வைப்பதை ஊன்றுவது என்கிறோம், பேச்சில் ‘ஊனுறது’. ரக்பி விதியும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது. பந்து கையில் இருந்தால் அதைத் தரையில் பட வைத்தால் போதும். தரையில் கிடக்கும் பந்தானால் கையாலோ, இடுப்புக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட முன்னுடம்பாலோ மேலிருந்து அழுத்த வேண்டும். பந்து கைநழுவி முன்னால் விழுந்தால் ஊன்றல் ஆகாது.

வினையாகவும் இது தடையில்லாமல் வருகிறது: ஊன்றினான், ஊன்றவிடாமல் மடக்கினார்கள், கோட்டுக்கு ஒரு முழம் அப்பால் ஊன்றிவிட்டான். எதிரணி முறைகேடாகத் தடுத்ததால் நடுவர் தானாகவே வழங்கும் பெனால்டி டிரைக்கு 7 புள்ளி; அதைத் ‘தண்ட ஊன்றல்’ எனலாம். டிரைக்குப் பின் உதைக்கும் கன்வர்ஷனுக்கு ‘கூடுதல் உதை’ போதும்.