பூப்பெய்திய முதல் ஆண்டுகளில் மாதவிடாய் ஏன் தவறித் தவறி வருகிறது?

மாதவிடாய்க்கான முதல் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் நரம்பணுக்களைக் கிஸ்பெப்டின் என்ற மூலக்கூறு விழிக்க வைக்கிறது. அவை விட்டுவிட்டுச் சுரக்கும் ஹார்மோன், முதலில் சிறுமி தூங்கும் இரவுகளில் மட்டும் எழுந்து, பிறகு பகலுக்கும் பரவுகிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்ட, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெருகுகிறது, மார்பு அரும்புகிறது. அதற்குப் பின் சுமார் 2 அல்லது 2½ ஆண்டுகளில் முதல் மாதவிடாய்.

ஆனால் முட்டை வெளியேற வேண்டுமானால், ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைத் தொடும்போது பிட்யூட்டரி எல்ஹெச் ஹார்மோனை ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். பிட்யூட்டரி இப்படிப் பதில் கொடுக்கப் பழகப் பல மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள் ஆகும். முட்டை வெளியேறாத மாதத்தில், கருப்பையின் உட்படலத்தை நிலைப்படுத்தும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனும் சுரக்காது. கருப்பையின் உட்படலம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பி வளர்ந்துகொண்டே போய், தாங்க முடியாத ஒரு நாளில் உதிர்கிறது. அந்த நாளுக்குக் கணக்கு ஏது? அதனால்தான் முதல் ஆண்டுகளில் 21 முதல் 45 நாள்வரை இடைவெளி மாறுவது இயல்பு. (முட்டை எந்த மாதம் வெளியேறும் என்று சொல்ல முடியாததால், ஒழுங்கில்லாத மாதவிடாய் இருந்தால் கருத்தரிக்காது என்று நம்புவது ஆபத்தானது.)

ஆரம்பத்தில் வலியே இல்லாமல் இருந்துவிட்டு, ஓராண்டு கழித்து அடிவயிறு இழுத்துப் பிடிப்பதற்கும் இதுவே காரணம். முட்டை வெளியேறத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு சுழற்சியின் கடைசியிலும் புரோஜெஸ்ட்ரான் சரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகிக் கருப்பைத் தசையை இறுக்குகிறது. ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் அதன் உற்பத்தியையே தடுப்பவை. மருத்துவர் சொன்ன அளவில், வலி முற்றுவதற்கு முன்பே எடுத்தால் நன்றாகக் கேட்கும். மாதாமாதம் பள்ளிக்குப் போகவிடாத வலியை மட்டும் "பொறுத்துக்கொள்" என்று தள்ளிவிடக் கூடாது.

நாள் தவறுவதைவிட எனக்குக் கவலை தருவது மிகையான உதிரப்போக்கு. 1924இல் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற ஃபின்லாந்து மருத்துவர், ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பரிசோதித்தார். அவள் குடும்பத்தில் பலருக்கு இரத்தம் எளிதில் நிற்பதில்லை. அந்தச் சிறுமி 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயின்போது இரத்தம் இழந்தே இறந்துபோனாள். இரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தின் குறையே அவளுக்கு இருந்த நோய். இன்று அது அந்த மருத்துவரின் பெயரால் வான் வில்லிபிராண்ட் நோய் என்று அழைக்கப்படுகிறது. ஆண், பெண் இருவருக்கும் வரும் என்றாலும், பல சிறுமிகளுக்கு அது முதலில் வெளிப்படுவது மாதவிடாயில்தான். இன்று இதற்குச் சிகிச்சை உண்டு.

எனவே, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போக்கு நீடித்தாலோ, "புதிதுதானே, சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். மூக்கில் அடிக்கடி இரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது நிற்க நேரம் ஆனதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் பரிசோதனை தேவை.