மெயில் சர்வரில் இல்லை, கணக்கர் மேசைக்கடியில் இருக்கிறது

"சார், கம்பெனி மெயிலை மட்டும் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ மாத்திக் கொடுங்க. சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சா ஞாயிறு முடிஞ்சிடும்ல?" தஞ்சாவூரோ கும்பகோணமோ மன்னார்குடியோ, பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. லைசென்ஸ் விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை கடை திறந்ததும் "2019 மெயிலெல்லாம் காணோமே" என்று போன் வரும். அந்தப் போனை எடுத்து எடுத்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மெயில் சர்வரில், அதாவது மெயில் வந்து சேரும் ஹோஸ்டிங் கம்ப்யூட்டரில், இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் முதலாளிகள் நம்புவதில்லை. அரிசி ஆலை, பாத்திரக் கடை, உரக்கடை எதை எடுத்தாலும், வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் கூடவே கொடுத்த மெயில்தான் ஓடும். அதை அவுட்லுக்கில் பாப் முறையில் போட்டு வைத்திருப்பார்கள். பாப் என்பது தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதம் மாதிரி. வந்த கடிதம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும், தபால் ஆபீஸில் போய்த் தேடினால் கிடைக்குமா? அவுட்லுக்கை நிறுவியபடியே விட்டிருந்தால் மெயிலை இறக்கிக்கொண்டு, 14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கிவிடும். நீங்கள் அனுப்பிய மெயிலோ சர்வரில் தங்குவதே இல்லை. எல்லாம் கணக்கர் கம்ப்யூட்டரில், அவுட்லுக் மெயிலைச் சேர்த்துவைக்கும் பி.எஸ்.டி. என்ற ஒரு ஃபைலுக்குள் கிடக்கிறது.

மாற்றும் மென்பொருள் சர்வரை மட்டும்தான் படிக்கும். அங்கே 14 நாள் மெயில் இருந்தால் அதை ஒழுங்காக எடுத்துப் போட்டுவிட்டு "100 சதவீதம் முடிந்தது" என்று காட்டும். அது பொய் சொல்லவில்லை. நாம்தான் தப்பான இடத்தைக் காட்டினோம்.

ஆகவே கூகுளா மைக்ரோசாஃப்டா என்ற பட்டிமன்றத்தைத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அவுட்லுக்கின் ஃபைல் மெனுவில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய், டேட்டா ஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் ஃபைல் பெயரையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு நிறுத்தாமல் ஹார்டு டிஸ்க் முழுவதும் பி.எஸ்.டி. என்று முடியும் ஃபைல்களைத் தேடுங்கள். 'ஆர்கைவ்' என்ற பெயரில் யாரும் அறியாத ஒன்று கட்டாயம் இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் கம்ப்யூட்டர் மாடியில் சாக்குக்குப் பின்னால் கிடந்தால் அதையும் இறக்குங்கள். அவுட்லுக் 2002 வரை உருவான பழைய வகை ஃபைல் 2 ஜி.பி.யைத் தொட்டால் பழுதாகும். அதைச் சரிசெய்யும் கருவியை ஓட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், மூல ஃபைலில் கை வைக்க வேண்டாம்.

எழுதிய அளவைக் கூட்டினால் ஞாயிற்றுக்கிழமைக் கனவு தானே கலையும். 300 ஜி.பி.யை நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடில் ஏற்ற, தடங்கலே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 67 மணி நேரம். ஐப்பசி மழையில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று உங்களுக்கே தெரியும். பழைய மெயிலை இரண்டு வாரம் முன்பிருந்தே இரவுகளில் ஏற்றி, கடைசி 30 நாளை மட்டும் மாற்றும் அன்று எடுங்கள்.

அடுத்தது டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பாதி இடங்களில் வெப்சைட் செய்தவர் பெயரில். பாஸ்வேர்டு உங்கள் கைக்கு வராமல் லைசென்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். கைக்கு வந்ததும், மாற்றுவதற்கு 2 நாள் முன்பு டி.டி.எல். மதிப்பை (டொமைனின் பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறையுங்கள். உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். பழையது இருக்க, பக்கத்தில் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது, உங்கள் பில் வாடிக்கையாளரின் ஸ்பாமில் போய் விழும்.

வெப்சைட் பழைய ஹோஸ்டிங்கிலேயே தொடர்ந்தால் இன்னொரு குழி உண்டு. அந்த ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையில், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் மெயில் ரூட்டிங்கை 'லோக்கல்' என்பதிலிருந்து 'ரிமோட்' என்று மாற்றாவிட்டால், வெப்சைட் படிவத்தில் வரும் விசாரணைகள் சத்தமில்லாமல் பழைய பெட்டியிலேயே விழுந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் சர்வரைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு: 2016, 2019 பதிப்புகளின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போடாதீர்கள். மாற்றும்போது, எக்ஸ்சேஞ்ச் தனக்குள் ஒவ்வொருவருக்கும் வைத்திருக்கும் பழைய உள்முகவரியையும் எக்ஸ் 500 என்ற வகை முகவரியாகப் புதுப் பெட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரரின் பழைய மெயிலுக்குப் பதில் போட்டால்கூடத் திரும்பி வரும். லோட்டஸ் நோட்ஸ் என்ற பழைய அலுவலக மென்பொருள் ஓடும் இடம் என்றால் நான் சொல்வது போதாது. அங்கே ஒப்புதல் படிவங்களே உள்ளே புரோகிராமாக இருக்கும், மெயில் கால்வாசி வேலைதான்.

மெயில் அனுப்புகிறவர் மனிதர் மட்டுமா? ஸ்கேனர் அனுப்புகிறது, டாலி அனுப்புகிறது. வெறும் பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் பழைய முறையைப் புதுத் தளங்கள் பல சமயம் ஏற்பதில்லை, முதல் நாளே ஸ்கேன் நின்றுபோகலாம். ஜி.எஸ்.டி., வங்கி, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளங்களில் எந்த மெயில் முகவரி பதிவாகியிருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். இரட்டைச் சரிபார்ப்பை ஊழியரின் சொந்தப் போனில் மட்டும் வைக்காதீர்கள், அவர் திருப்பூருக்குப் போனால் சாவியும் கூடவே போகும்.

தமிழ் மெயில் இருக்கிறதா? யூனிகோடுக்கு (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்ததெல்லாம் புதுத் தளத்தில் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். "வைரஸ் வந்துவிட்டது" என்று பதறாதீர்கள். உள்ளே இருப்பது முன்பும் அதேதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடி போட்டிருந்தது. தேடினால் கிடைக்காது என்பதுதான் நஷ்டம். ஒப்பந்தம், கடிதத் தாள் போன்ற வேர்டு ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மெயிலை அப்படியே விட்டு, பாமினி நிறுவிய ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாற்றலாம்? மார்ச் கூடவே கூடாது. மாதத்தில் 11, 20 ஆகிய ஜி.எஸ்.டி. தேதிகளை ஒட்டி வேண்டாம். அரிசி ஆலைக்காரர்கள் சம்பா அரவை ஓடும் தை, மாசியில் கேட்காதீர்கள். வேளாங்கண்ணி லாட்ஜ்காரர்கள் செப்டம்பர் 8 தாண்டட்டும்.

பழைய ஹோஸ்டிங்கை இன்னும் 3 மாதம் கட்டி வையுங்கள். பி.எஸ்.டி. ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைக்கச் சொல்கிறது, கம்பெனிச் சட்டம் 8 ஆண்டு. அதனால் தயவுசெய்து, கணக்கர் மேசைக்கடியில் இருக்கும் அந்தப் பழைய பெட்டியைத் தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.