பவளம் வாடினால் புட்டியைத் தேடாதீர்கள்

சென்ற வாரம் சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில், பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்தபோது உள்ளே 11 புட்டிகள் வரிசையாக நின்றன. அயோடின், ஸ்ட்ரான்ஷியம், அமினோ அமிலம் என்று இருந்தவை போக, பிஹெச்சை ஏற்றும் திரவம் மட்டுமே மூன்று வகை. மேலே, 300 லிட்டர் தொட்டியில், ஐந்து தலைகள் கொண்ட ஹாமர் பவளம் தன் கூட்டுக்குள் சுருங்கிக் கிடந்தது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனிகள் தீய்ந்தவை போல் வெளுத்திருந்தன. அலை பம்பின் மேல் சுண்ணாம்பு படிந்து, அது முனகியபடி சுற்றிக்கொண்டிருந்தது. "இன்னும் என்ன ஊத்தலாம் அண்ணே?" என்பதுதான் வீட்டுக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி. பவளத் தொட்டிகளைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட நான், இந்தக் கேள்வியை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

என் கருவியில் கேஹெச், அதாவது நீரிலுள்ள கார்பனேட் காரத்தின் அளவு, 13.4 காட்டியது. 7 முதல் 9 வரை இருக்க வேண்டிய அளவு அது. பாஸ்பேட் சுழியம். இவ்விரண்டும் சேர்ந்தால் அக்ரோபோராவின் நுனி தீயும் என்பது இத்துறையில் உள்ளவர்களுக்குப் பழைய செய்தி. அந்தத் தம்பியிடமும் கேஹெச் சோதனைப் பெட்டி இருந்தது. அது காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்ததால் அவர் அதைத் தொடுவதில்லை. பிஹெச்சை மட்டும் தினமும் காலையில் பார்த்தார், 7.8 என்று வந்தது, 8.3 வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார், ஒரு மூடி ஊற்றினார். மூன்று வாரங்கள் இப்படியே நடந்திருக்கிறது.

பிஹெச் பற்றிய இந்தத் தவறான எண்ணத்தை விளக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும். நாம் வசிப்பது பெரும்பாலும் சன்னல்களை அடைத்து, குளிர்சாதனம் ஓடும் வீடுகளில். நான்கு பேர் இரவெல்லாம் மூச்சு விடும் அடைத்த வீட்டில் கரியமில வாயு தேங்குகிறது. நுரை எழுப்பி நீரிலுள்ள கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் அந்தக் காற்றையே இழுத்து நீரில் கலக்கிறது. அதனால்தான் விடியற்காலையில் பிஹெச் 7.8 ஆகத் தெரிகிறது. புட்டியில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். ஊற்றியவுடன் பிஹெச் எழும்பும், மனம் குளிரும். ஆனால் அறைக்காற்று மாறவில்லை என்பதால், மறுநாள் காலைக்குள் பிஹெச் ஏறக்குறைய பழைய இடத்துக்கே இறங்கிவிடும், ஊற்றிய காரமோ நீரிலேயே தங்கிவிடும். மறுநாள் இன்னொரு மூடி. பிஹெச் நின்ற இடத்திலேயே நிற்க, கேஹெச் மட்டும் படியேறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து பம்புகளை இறுக்கிப் பிடிக்கும்.

சந்தேகம் உள்ளவர்கள் ஒரு கோப்பை தொட்டி நீரைத் தாழ்வாரத்துக்கு எடுத்துச் சென்று, சிறிய காற்றுப் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விட்டபின் பிஹெச்சை அளந்து பாருங்கள். அது உயர்ந்திருந்தால் குறை நீரில் இல்லை, உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. பகலில் சன்னலைத் திறங்கள். அல்லது ஸ்கிம்மரின் காற்றுக்குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டி வையுங்கள். டெங்கிக்காகக் கொசுப்புகை அடிக்கும் நாளில் மட்டும் குழாயை உள்ளே இழுத்து, சன்னலையும் சாத்திவிடுங்கள்; அந்த மருந்தை இறாலும் நண்டும் தாங்கா. இரவில் 7.8, மாலையில் 8.1 என்று ஓடும் எத்தனையோ தொட்டிகளில் பவளங்கள் கொழித்து வளர்வதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

கேஹெச் உண்மையிலேயே குறைந்திருந்தாலும் அவசரம் ஆகாது. ஒரு நாளைக்கு 1 அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. 200 லிட்டர் நீரில் 1 கேஹெச் ஏற்ற ஏறத்தாழ 6 கிராம் ஆப்ப சோடா போதும், விலை உயர்ந்த புட்டி தேவையே இல்லை. ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பவுடரில் அமில உப்புகளும் மாவும் கலந்திருக்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பவுடரைக் கொட்டிய வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன்.

பவளம் வாடியதும் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை, அடுத்தது உப்பு, அதற்கடுத்தது கேஹெச். மற்றவையெல்லாம் பிறகுதான். தொட்டிக்கு 25, 26 பாகை நல்லது. இங்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றால் ஒரே பிற்பகலில் நீர் 30ஐத் தொடும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடானபோது சிங்கப்பூரின் கடற்பவளங்களே வெளுத்தன என்றால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்ன பாடுபடும்? உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு இல்லை. ஆகவே குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பி 41 வரை கொண்டுபோனவர் ஒருவர், மூன்று மாதங்களாக அயோடின் போதவில்லை என்று நம்பியிருந்தார். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்த நீரில் சுழியத்துக்கு வைத்தால் போதாது. 35 அளவுள்ள சோதனைக் கரைசலை ஒரு துளி விட்டுச் சரிபாருங்கள்.

குழாய் நீரை நேரே ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்குள்ள குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி உண்டு. அது குளோரினைப் போல வாளியில் ஓர் இரவு வைத்தால் பறந்துவிடாது. ஆர்ஓ வடிகட்டியில் அதை நீக்குவது கரித்தூள் பகுதி; அதை உரிய காலத்தில் மாற்றுங்கள். நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சுழியம் காட்டுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். குளோரமினைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கருவியின் வேலையன்று.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருந்தால் நீர் தூய்மை என்று பெருமைப்படுவதும் இன்று ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசிக்கும் உணவு வேண்டும். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 2 முதல் 10 வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் இருக்கட்டும். இரண்டையும் துடைத்தெடுத்த தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளி போல மணல்மேல் படர்கிறது. அதை ஒழிக்க மறுபடியும் ஒரு புட்டி வாங்குகிறார்கள்.

எண்கள் சரியாக இருந்தும் பவளம் வாடினால், கண்ணுக்கு வேலை கொடுங்கள். திசு கண்ணாடி போல மெலிந்து, ஆனால் ஒட்டியே இருந்தால் அது வெளுப்பு. வெப்பத்தையும் விளக்கையும் சந்தேகியுங்கள். புதிய எல்இடி வாங்கியவர்கள் முதல் நாளே முழு ஒளியைப் போடாமல், பாதியில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுங்கள். திசு உரிந்து வெள்ளைக் கூடு தெரிந்தால் அது வேறு. அக்ரோபோராவின் அடிப்பகுதியில் வட்ட வட்டமான கடித்தடங்கள் இருந்தால் தட்டைப்புழு. மருந்துக் குளியல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது, அதனால் முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை குளியலைத் திரும்பச் செய்ய வேண்டும். ஹாமர், டார்ச் வகைப் பவளங்களின் தலையில் பழுப்புக் கூழ் வழிந்தால் அன்று இரவே பம்பை நிறுத்தி, மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றி, அந்தத் தலையை வெட்டித் தனியே வையுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பக்கத்துத் தலையும் போய்விடும். விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்புக் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பகலில் சாதுவாகத் தெரியும் கேலக்ஸியா பவளம், இரவில் நீண்ட கொட்டும் இழைகளை விட்டு அண்டை வீட்டுக்காரனைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கு எந்தப் புட்டியும் உதவாது. இடத்தை மாற்றினாலே போதும்.

இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டே கேட்கிறேன். பாலிதோவா என்ற வேண்டாத பொத்தான் பவளம் பாறையில் படர்ந்துவிட்டது என்று அந்தப் பாறையை அடுப்பில் வேகவைக்காதீர்கள், கொதிநீரும் ஊற்றாதீர்கள், காயவைத்துச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். அதிலுள்ள பாலிடாக்சின் ஆவியோடும் தூசியோடும் கிளம்பி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு அனுப்பக்கூடிய நஞ்சு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

சென்னையிலிருந்தும் சிலர் ஆலோசனை கேட்கிறார்கள். இந்தியாவில் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. அவற்றை வீட்டில் வைத்திருக்க நான் உதவ மாட்டேன்.

செங்காங் தொட்டியில் எல்லாப் புட்டிகளையும் நிறுத்தி, கேஹெச் 8 உள்ள புதிய உப்புநீரால் வாரம் இருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அக்ரோபோரா பிழைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. ஹாமரின் இரண்டு தலைகள் நேற்று சற்று விரிந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதுவும் நீல விளக்கின் கீழ் எடுத்த படம், எல்லாமே பளபளவென்று ஆரோக்கியமாகத்தான் தெரிந்தது. இனி என்னை அழைப்பவர்கள் வெள்ளை விளக்கில் எடுத்த படத்தோடு, அன்றைய வெப்பநிலை, உப்பு, கேஹெச் மூன்றையும், சோதனைப் பெட்டியின் காலாவதித் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்.